மேரி மக்கிலோப் விட்டுச் சென்றது: பள்ளிகளும், அவற்றைக் காத்த விதிகளும்

கேள்வி இது: ஆஸ்திரேலியாவின் முதல் புனிதர் என்று மேரி மக்கிலோப்பைச் சொல்கிறார்கள். கல்வியில் அவர் அப்படி என்ன செய்தார்? ஓர் ஆயரே (பிஷப்) அவரைத் திருச்சபையை விட்டு விலக்கினார் என்பது உண்மையா? அவர் தொடங்கியதில் இன்று என்ன மிஞ்சியிருக்கிறது?

விலக்கியது உண்மைதான். அந்தக் கதை பிரபலமான அளவுக்கு அவருடைய நிர்வாக வேலை பேசப்படுவதில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய கன்னியர் அவருக்கு முன்பும் இருந்தார்கள். மேரியின் சூசையப்பர் துறவறச் சபைச் சகோதரிகள் பெரிய மடம் கட்டிக்கொண்டு ஊரைத் தங்களிடம் வரச் சொல்லவில்லை. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, சுரங்கக்காரரும் பண்ணைக் கூலியும் குடியிருப்பதைப் போன்ற சின்ன வீட்டிலேயே குடியேறிப் பாடம் நடத்தினார்கள். பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை. எந்த ஊரில், எந்த மறைமாவட்டத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதியில்) இருந்தாலும் அத்தனை பேருக்கும் ஒரே தலைமை; அந்தத் தலைமையைச் சகோதரிகளே தேர்ந்தெடுப்பார்கள். முன்னதையெல்லாம் எல்லாரும் மெச்சினார்கள். கடைசியாகச் சொன்னதற்காகத்தான் அவர் பல ஆண்டு போராட வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் மற்றவையும் நிலைத்திருக்காது என்பது என் உறுதியான கருத்து. அதனால் இந்தப் பதிலில் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

மேரி பிறந்தது 1842 ஜனவரி 15, மெல்பர்னை ஒட்டிய ஃபிட்ஸ்ராயில். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள். எட்டுப் பிள்ளைகளில் இவர் மூத்தவர். தந்தை அலெக்சாண்டர் நன்றாகப் படித்தவர், ஆனால் தொட்ட தொழிலெல்லாம் கைநழுவியது. குடும்பம் உறவினர் வீடுகளில் ஒண்டி வாழ்ந்த காலமே அதிகம். பதின்பருவத்திலேயே மேரி சம்பாதிக்கப் போனார்: மெல்பர்னில் ஒரு காகிதக் கடையில் எழுத்தர் வேலை, பிறகு வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியை வேலை. 1860ல் தென் ஆஸ்திரேலியாவின் பெனோலாவுக்கு, அத்தை மாமா வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போனவர், அந்தப் பண்ணையில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துக்கொண்டார். வறுமையை வெளியிலிருந்து பார்த்துப் பரிதாபப்பட்டவர் அல்லர் அவர். பின்னாளில் எழுதிய சபை விதிகளில் தெரியும் கறார்த்தனத்துக்கு இந்த இளமைக்காலம் ஒரு காரணம்.

பெனோலாவின் பங்குத்தந்தை, அதாவது அந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான குரு, ஜூலியன் டெனிசன் வுட்ஸ். லண்டனில் பிறந்தவர், நிலவியல் அறிஞராகவும் பெயர் பெற்றவர். அவருடைய பங்கின் பரப்பு 22,000 சதுர மைல், அதாவது 56,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். குதிரையில் சுற்றி வந்த அவருக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது: அங்கே சிதறிக் கிடந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி என்று ஒன்று இல்லை. பணமும் இல்லை. தென் ஆஸ்திரேலியாவில் மதப் பள்ளிகளுக்கான அரசு உதவி 1851லேயே நின்றுவிட்டது. சம்பளம் வாங்கும் ஆசிரியரை வைத்தால் கட்டணம் வாங்கித்தான் ஆக வேண்டும். கட்டணம் வாங்கினால் ஏழைப் பிள்ளை வராது. பிரான்சில் லெ புய் பகுதியில் சிறு குழுக்களாகக் கிராமத்தில் தங்கி வேலை செய்த புனித சூசையப்பர் சகோதரிகளை வுட்ஸ் பார்த்திருந்தார். அந்த மாதிரியை இங்கே கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. அதைச் செய்து காட்டக்கூடிய ஆள் மேரி என்று கண்டுகொண்டார்.

1866ன் தொடக்கத்தில் மேரி தம் தங்கைகள் ஆனி, லெக்ஸியோடு பெனோலாவுக்குத் திரும்பினார். பயன்படாமல் கிடந்த குதிரை லாயம் ஒன்றைத் தம்பி ஜான் பழுதுபார்த்துக் கொடுத்தார். மார்ச் 19, சூசையப்பர் திருநாளன்று, அந்த லாயத்தில் பள்ளி தொடங்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். அடுத்த ஆண்டே வுட்ஸ் அங்கே கல்லால் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்; அது இன்றும் நிற்கிறது. 1867ல் மேரி அடிலெய்டுக்கு, க்ரோட் தெருவில் இருந்த வீட்டுக்கு மாறினார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) கொடுத்து, சிலுவையின் சகோதரி மேரி ஆனார். அப்போது வயது 25.

இனி அந்தப் பள்ளிகள் எப்படி நடந்தன என்பதைப் பார்க்கலாம். வாசிப்பு, எழுத்து, கணக்கு, மறைக்கல்வி ஆகியவை அடிப்படை. கூடவே இலக்கணம், புவியியல், தையல். முடிந்தவர்கள் வாரக் கட்டணம் கொடுப்பார்கள். முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம். பற்றாக்குறையைச் சகோதரிகள் வீடு வீடாகப் போய்க் கையேந்தி நிரப்பினார்கள். மறைமாவட்டம் முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே நேர ஒழுங்கு, மேற்பார்வைக்கு ஓர் இயக்குநர் என்று வுட்ஸ் வகுத்திருந்தார். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சகோதரியை மாற்றினால், அடுத்த நாளே அவர் வகுப்பெடுக்க முடிந்தது இந்த ஒரே அச்சு ஏற்பாட்டால்தான்.

ஆரம்ப விதியில் ஒரு தடை இருந்தது: சகோதரிகள் இசைக்கருவி கற்றுத்தரக் கூடாது. இன்றைக்கு இதைப் படிக்கிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். அந்தக் காலத்தில் பியானோ வகுப்பு என்பது வசதியான வீட்டுப் பெண்களிடம் தனிக்கட்டணம் வாங்கும் வழி. பல மடங்களின் வருமானமே அதுதான். அதைத் தொட்டால் சகோதரிகளின் நேரமும் கவனமும் மெல்ல மெல்லப் பணக்காரப் பிள்ளைகள் பக்கம் போய்விடும் என்று வுட்ஸும் மேரியும் அஞ்சினார்கள். ஆயர்களுக்கு இந்தத் தடை பிடிக்கவில்லை. ஊருக்கு ஒரு மடம்தான் வைக்க முடியும் என்றால், அந்த மடம் இசையும் சொல்லித்தர வேண்டும் என்பது அவர்கள் நிலை. பிற்காலத்தில் இந்த விதி தளர்ந்தது. பல கிராமப்புற மடங்கள் இசை வகுப்பை நம்பியே அடுப்பு மூட்டின என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொரு விதி அதைவிட ஆழமானது. ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய சபைகளில் கன்னியருக்குள்ளேயே இரண்டு அடுக்கு உண்டு: படித்த, சீதனத்தோடு வந்த சகோதரிகள் கற்பிப்பார்கள், வாக்களிப்பார்கள், ஏழை வீட்டிலிருந்து வந்தவர்கள் சமையலும் துவையலும் பார்ப்பார்கள், அவர்களுக்கு வாக்கு இல்லை. மேரியின் சபையில் அந்தப் பிரிவு இல்லை. சீதனம் கேட்கவில்லை. அதனால் தென் ஆஸ்திரேலியாவின் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் வந்து குவிந்தார்கள். 1869 முடிவில் 70க்கும் மேற்பட்ட சகோதரிகள், 21 பள்ளிகள். 1871ல் 130 சகோதரிகள், தென் ஆஸ்திரேலியாவிலும் குயின்ஸ்லாந்திலுமாக 40க்கும் மேற்பட்ட பள்ளிகளும் அற இல்லங்களும். ஐந்தே ஆண்டில்!

இந்த வேகமே முதல் சிக்கல். இருபது வயதுகூட ஆகாத, தாமே சில ஆண்டு மட்டும் பள்ளி போன பெண்கள், குறுகிய பயிற்சியோடு வகுப்புக்குள் விடப்பட்டார்கள். இவர்களுக்குப் பாடம் சொல்லத் தெரியவில்லை என்று சில குருக்கள் புகார் சொன்னதில் நியாயம் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாடகைக் கட்டடங்கள், கடன், தள்ளிப்போன பட்டுவாடா எல்லாம் சேர்ந்துகொண்டன. வுட்ஸ் ஆர்வம் மிகுந்தவர், வரவு செலவில் கவனம் குறைந்தவர். சில சகோதரிகள் தங்களுக்குத் தெய்வீகக் காட்சி கிடைப்பதாகச் சொன்னபோது அவர் எளிதில் நம்பினார். அது சபைக்குள்ளும் வெளியிலும் குழப்பத்தை வளர்த்தது. மேரி பெயரளவில் தலைவி. ஆனால் பல முடிவுகளை எடுத்தது வுட்ஸ். மேரி பிரிஸ்பனுக்குப் போய்ப் பள்ளிகள் திறந்துகொண்டிருந்த மாதங்களில் அடிலெய்டில் நிலைமை கெட்டது. நிறுவுபவர் ஒருவர், பொறுப்பேற்பவர் இன்னொருவர் என்று இருக்கும் எந்த அமைப்பிலும் வரக்கூடிய கோளாறு இது. பள்ளி நடத்துகிறவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம்.

கபுண்டா என்ற ஊரில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கிருந்த ஒரு குரு பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்துகொள்வதை 1870ல் சகோதரிகள் அறிந்து வுட்ஸிடம் தெரிவித்தார்கள். அவர் மேலிடத்துக்குக் கொண்டுபோனார். அந்தக் குரு அயர்லாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அதே ஊரில் அவரோடு பணியாற்றிய, ஆயருக்கு நெருக்கமான இன்னொரு குரு அதன்பின் சபையின் மேல் கடும் கோபம் கொண்டார். 2010ல் இந்தச் செய்தி பெரிதாக வெளிவந்தபோது, முறைகேட்டை அம்பலப்படுத்தியதற்காகவே மேரி விலக்கப்பட்டார் என்று பலர் எழுதினார்கள். அது மிகைப்படுத்தல். புகார் சொன்னது கபுண்டாச் சகோதரிகள், மேரி நேரடியாக அல்ல. ஆனால் அதனால் எழுந்த பகை, ஆயரின் காதுக்குப் போன தகவல்களின் நிறத்தை மாற்றியது என்று சொல்லலாம். மற்ற காரணங்களோடு அதுவும் ஒன்று.

ஆயர் லாரன்ஸ் ஷீல் முதலில் சபையின் விதிகளுக்கு ஒப்புதல் தந்தவர். உலக ஆயர்கள் கூடிய வத்திக்கான் பொதுச்சங்கத்துக்குப் போய்த் திரும்பியபின், உடல் நலிந்த நிலையில், விதிகளை மாற்ற முனைந்தார். ஒவ்வொரு மடமும் அந்தந்தப் பங்குத்தந்தையின் கீழ் வர வேண்டும். சகோதரிகளுக்குள் இரண்டு அடுக்கு வர வேண்டும். அதாவது, எதற்காக இந்தச் சபை வித்தியாசமானதோ அதையெல்லாம் எடுத்துவிட வேண்டும். மேரி எதிர்த்துக் கூச்சல் போடவில்லை. தாம் வார்த்தைப்பாடு கொடுத்தது பழைய விதியின்படி என்றும், புதியதை ஏற்க முடியாவிட்டால் சபையை விட்டு விலகவே தாம் கடமைப்பட்டவர் என்றும் ஆயருக்குப் பணிவாக எழுதினார். அடிலெய்டை விட்டு வேறு மடத்துக்குப் போகச் சொன்னபோது, முதலில் ஆயரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று கேட்டார். அது கீழ்ப்படியாமை என்று கொள்ளப்பட்டது.

1871 செப்டம்பர் 22. ஃபிராங்க்ளின் தெரு மடத்தின் சிற்றாலயத்துக்கு ஆயர் முழுத் திருவழிபாட்டு உடையில், தலையில் மகுடமும் கையில் செங்கோலுமாக வந்தார். சகோதரிகள் சுற்றிலும் நிற்க, மேரியை முழந்தாளிடச் சொல்லி விலக்கத் தீர்ப்பை வாசித்தார். மேரிக்கு அப்போது 29 வயது. அவரோடு யாரும் பேசக்கூடாது, அடைக்கலம் தரக்கூடாது. பெரும்பாலான பள்ளிகள் மூடப்பட்டன. மடங்களிலிருந்து வெளியேறிய சகோதரிகளுக்குத் தலைக்கு மேல் கூரை இல்லை. அடிலெய்டின் யூத வணிகர் எமானுவேல் சாலமன் வாடகை வாங்காமல் வீடு கொடுத்தார். நோர்வுட்டில் இருந்த இயேசு சபைக் குருக்கள், அந்த விலக்கம் செல்லாது என்று கருதி, மேரிக்குத் திருவருட்சாதனங்களை (நற்கருணை போன்ற திருச்சடங்குகளை) மறுக்கவில்லை. அந்த மாதங்களில் மேரி எழுதிய கடிதங்களில் ஆயரைப் பற்றிக் கசப்பான ஒரு சொல்லைத் தேடினாலும் கிடைப்பது அரிது. பலவீனத்தால் வந்த மௌனம் என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்து அவர் செய்த வேலைகளே அதற்குச் சாட்சி.

ஐந்து மாதம் கழித்து, 1872 பிப்ரவரியில், மரணப் படுக்கையிலிருந்து ஷீல் விலக்கத்தை நீக்கினார். மார்ச் 1 அன்று இறந்தார். ரோமின் கட்டளைப்படி ஹோபார்ட் ஆயர் டேனியல் மர்ஃபியும் பாதர்ஸ்ட் ஆயர் மேத்யூ குவினும் விசாரணை நடத்தினார்கள். மூடிய பள்ளிகள் திறந்தன. இத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று முடிக்கும் வாழ்க்கைக் குறிப்புகள் உண்டு. மேரி அப்படி நினைக்கவில்லை. இன்னோர் ஆயர் வந்தால் இதுவே திரும்ப நடக்கும் என்று அவருக்குத் தெரியும். எழுத்தில், ரோமின் கையெழுத்தோடு, விதி வேண்டும். அதற்காக 1873ல் தனியாகக் கப்பலேறினார். பாதுகாப்புக்காகத் துறவற உடை இல்லாமல், திருமதி மக்டொனால்ட் என்ற பெயரில் பயணம் செய்தார். திருத்தந்தை ஒன்பதாம் பயஸைச் சந்தித்தார். ரோமில் விதிகள் பரிசீலனையில் இருந்த காலத்தை வீணாக்காமல் ஐரோப்பாவில் பள்ளிகளைப் போய்ப் பார்த்தார், கற்பிக்கும் முறைகளைக் குறித்துக்கொண்டார். 1875 ஜனவரியில் திரும்பியபோது அயர்லாந்திலிருந்து சபையில் சேர வந்த 15 பெண்களும், பள்ளிகளுக்கான புத்தகங்களும் உடன் வந்தன. ஆசிரியைகளுக்குத் தேர்ச்சி போதவில்லை என்ற பழைய புகாரை அவர் மறக்கவில்லை என்பதற்கு இது அடையாளம்.

ரோம் தந்த விதியில் மேரி கேட்டது கிடைத்தது: ஒரே தலைமை. அவர் கேட்காத ஒன்றும் வந்தது. ஆரம்ப விதிப்படி சபைக்குச் சொத்தே கூடாது. வாடகை வீடு, பங்கு கொடுத்த இடம், அவ்வளவுதான். ரோம் அதை மாற்றி, சபை சொத்து வைத்துக்கொள்ளலாம் என்றது. 1871ல் நடந்ததை நினைத்துப் பாருங்கள்: சொந்தமாக ஒரு கூரையாவது இருந்திருந்தால், ஓர் ஆயரின் ஒரு வார்த்தையில் இத்தனை பெண்கள் தெருவுக்கு வந்திருக்க மாட்டார்கள். ரோமின் தீர்ப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன். வுட்ஸ் அப்படி நினைக்கவில்லை. தாம் எழுதிய வறுமை விதியை மேரி விட்டுக்கொடுத்துவிட்டார் என்று வருந்தினார். அந்த நட்பு அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. வுட்ஸ் 1889ல் சிட்னியில் இறந்தார். மேரியின் வாழ்வில் விலக்கத்தைவிட இந்தப் பிரிவு அதிகம் வலித்திருக்கும்.

ஆயர்கள் ஏன் இவ்வளவு விடாப்பிடியாக எதிர்த்தார்கள்? அவர்கள் பக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. விக்டோரியா 1872ல், தென் ஆஸ்திரேலியாவும் குயின்ஸ்லாந்தும் 1875ல், நியூ சவுத் வேல்ஸ் 1880ல் அரசுக் கல்விச் சட்டங்கள் கொண்டுவந்தன. நியூ சவுத் வேல்ஸில் 1882 முடிவோடு சமயப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் நின்றது. கத்தோலிக்கப் பள்ளி வேண்டுமென்றால் சம்பளம் கேட்காத ஆசிரியர்கள் வேண்டும்; அதாவது கன்னியர்கள். ஓர் ஆயர் தன் மக்களிடம் காசு திரட்டிப் பள்ளி கட்டுகிறார். வேறு குடியேற்றத்தில் (அன்று தனித்தனியாக ஆளப்பட்ட மாகாணத்தில்) இருக்கும் ஒரு தலைவி, ஒரு கடிதத்தில் அந்தச் சகோதரிகளைத் திரும்ப அழைத்துக்கொள்ள முடியும். அவருக்குப் பயம் வராதா? நியாயமான பயம்தான். பாதர்ஸ்ட் ஆயர் குவின் 1876ல், மேரி அனுப்பியிருந்த சகோதரிகளில் தன்னோடு இருக்க விரும்பியவர்களை வைத்துப் பெர்த்வில்லில் தனி மறைமாவட்டச் சபையாக்கிக்கொண்டார். அவருடைய சகோதரர் ஜேம்ஸ் குவின் பிரிஸ்பனில் ஆயர். அங்கே ஒத்துவராமல், 1880 வாக்கில் மேரியின் சகோதரிகள் குயின்ஸ்லாந்தை விட்டே வெளியேறினார்கள். பள்ளிகளையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வருவது எளிதான முடிவல்ல. விதியைக் காக்க அந்த விலையையும் மேரி கொடுத்தார்.

மேரியின் பக்க நியாயம் வேறு. மறைமாவட்டத்துக்கு ஒரு சபை என்றால், பணக்கார மறைமாவட்டத்தில் சகோதரிகள் நிறையவும், ஏழை மறைமாவட்டத்தில் குறைவாகவும் இருப்பார்கள். தேவை எங்கே அதிகமோ அங்கே ஆளை நகர்த்த ஒரு தலைமைதான் முடியும். நோயுற்ற சகோதரியை மாற்ற, புதியவர்களுக்கு ஒரே இடத்தில் பயிற்சி கொடுக்க, ஓர் ஊரின் பற்றாக்குறையை இன்னோர் ஊரின் மிச்சத்தால் ஈடுகட்ட எல்லாமே இதில் அடங்கும். இன்னொன்றும் உண்டு: இரண்டு மூன்று சகோதரிகள் மட்டும் இருக்கும் ஓர் ஊரில் பங்குத்தந்தையோடு மோதல் வந்தால், அவர்கள் முறையிட வேறு ஒருவர் இருக்க வேண்டும். கபுண்டாவை நினைத்தால் இது எவ்வளவு முக்கியம் என்று விளங்கும்.

1883ல் அடிலெய்டு ஆயர் கிறிஸ்டோபர் ரெனால்ட்ஸ் விசாரணை ஒன்று நடத்தி மேரியை அடிலெய்டை விட்டே போகச் சொன்னார். கடன் பற்றிய குற்றச்சாட்டு ஒன்று, மது அருந்துகிறார் என்பது இன்னொன்று. மாதவிடாய்க் காலத்தில் படுக்கையில் விழும் அளவு வலியால் அவதிப்பட்டவர் அவர். மருத்துவர் சொல்லி பிராந்தி எடுத்துக்கொண்டார். ஒரு பெண்ணின் நோயை வைத்து அவர் நிர்வாகத்தைச் சாய்க்கப் பார்த்த அந்த முறை நெஞ்சைச் சுடுகிறது. மேரி சிட்னிக்குப் போனார். தலைமையகமும் வட சிட்னியின் மவுண்ட் தெருவுக்கு வந்தது. 1885ல் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கப்பட்டு, மதர் பெர்னார்ட் வால்ஷ் நியமிக்கப்பட்டார். மேரி 13 ஆண்டுக்கு மேல் அவருக்குக் கீழ்ப்பட்ட சகோதரியாகவே வேலை செய்தார். இடையில் 1886 மே மாதம், மகள் நடத்தவிருந்த நிதி திரட்டும் விழாவுக்கு உதவ மெல்பர்னிலிருந்து கப்பலில் வந்த தாய் ஃப்ளோரா, கிரீன் கேப் முனையில் அந்தக் கப்பல் உடைந்தபோது இறந்துபோனார்.

1888ல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ சபைக்கு ஒப்புதல் அளித்தார்: ஒரே தலைமை, தலைமையகம் சிட்னி. ஏற்கெனவே பிரிந்திருந்த மறைமாவட்டச் சபைகள் தனியாகவே தொடரலாம் என்றும் சொன்னார். மேரியின் சகோதரிகள் பழுப்பு உடையினர், பாதர்ஸ்ட் கிளையினர் கறுப்பு உடையினர் என்று மக்கள் பிரித்து அழைத்தார்கள். அந்தத் தனிக்கிளைகளில் பெரும்பாலானவை 21ஆம் நூற்றாண்டில் மீண்டும் மேரியின் சபையோடு இணைந்துவிட்டன. 1899ல் மேரி மறுபடி தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சில ஆண்டுகளில் நியூசிலாந்தின் ரோட்டருவாவில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகினார். சகோதரிகள் 1905ல் அந்த நிலையிலும் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். 1909 ஆகஸ்ட் 8 அன்று இறந்தபோது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமாக 117 பள்ளிகள், 12,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள்.

அவருக்குப் பின் என்ன ஆயிற்று என்பதில்தான் மரபு எதுவென்று தெரியும். 1880களிலிருந்து 1960கள் வரை ஆஸ்திரேலியக் கத்தோலிக்கப் பள்ளிகள் அரசு உதவி இல்லாமல் உயிரோடு இருந்ததற்குக் காரணம், பல சபைகளைச் சேர்ந்த கன்னியரின் சம்பளமில்லா உழைப்பு. கிராமங்களில் அதன் பெரும்பங்கு சூசையப்பர் சகோதரிகளுடையது. இதில் ஒரு குறையும் உண்டு. ஒரு வகுப்பில் அறுபது, எழுபது பிள்ளைகள் என்பது இரண்டாம் உலகப்போருக்குப் பின் சாதாரணமாகிவிட்டது. பெண்களின் ஈகத்தின் மேல் நின்ற கணக்கு அது. சேர வருகிறவர்கள் குறைந்ததும் ஆட்டம் கண்டது. 1962 ஜூலையில் கோல்பர்ன் நகரில், ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்குக் கூடுதல் கழிப்பறை கட்ட அரசு கட்டளையிட, பணமில்லாத ஊர் மக்கள் ஆறு கத்தோலிக்கப் பள்ளிகளையும் மூடிவிட்டுப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்க அழைத்துப் போனார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. 1963ல் அறிவியல் ஆய்வகங்களுக்கு மத்திய அரசு பணம் அறிவித்தது. 1973ல் பீட்டர் கார்மெல் தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின், தேவைக்கேற்ப எல்லாப் பள்ளிகளுக்கும் நிதி என்ற முறை வந்தது. இன்று ஆஸ்திரேலியப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கிறார். அவர்களுக்குப் பாடம் சொல்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே சம்பளம் பெறும் பொதுநிலையினர், துறவறத்தில் இல்லாதவர்கள்.

அதனால் ஒரு கேள்வி எழுகிறது. மேரியை மதிக்கிறவர்கள் அதைத் தவிர்க்கக்கூடாது. அரசு நிதியும் கட்டணமும் வாங்கும் இன்றைய கத்தோலிக்கப் பள்ளிகளில், பணம் கட்ட முடியாத பிள்ளைக்கு இடம் உண்டா? விதிவிலக்கு கொடுக்கும் பள்ளிகள் உண்டு; ஆனாலும் ஏழைக் குடும்பங்கள் பல, கேட்கவே தயங்கி அரசுப் பள்ளிக்குப் போய்விடுகின்றன. ஆரம்ப கால விதியை வைத்து அளந்தால், ஒரு பள்ளி மக்கிலோப்பின் பெயரைத் தாங்கியிருப்பது போதாது. அதன் சேர்க்கைப் படிவத்தில் கட்டண விலக்கு பற்றிய வரி எந்தப் பக்கத்தில், எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பாருங்கள். கேட்டால்தான் சொல்வோம் என்பது அவருடைய முறை அல்ல.

அநாதை இல்லங்களைப் பற்றியும் ஒரு சொல். மேரியின் காலத்தில் தொடங்கிய இல்லங்கள் தெருவில் நின்ற பிள்ளைகளுக்குக் கதியாக இருந்தன. 20ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியா முழுவதும் அரசும் திருச்சபைகளும் நடத்திய பெரிய இல்லங்களில் வளர்ந்த பலர் கொடுமைகளை அனுபவித்தார்கள். 2004ல் செனட் குழுவின் அறிக்கை அதைப் பதிவு செய்தது, 2009 நவம்பரில் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கத்தோலிக்கச் சபைகள் நடத்திய இல்லங்களும் அதில் அடக்கம். பெரிய நிறுவனமாக வளர்த்து, மேற்பார்வையைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று. சிறிய குழு, வெளியே முறையிட வழி என்று மேரி வற்புறுத்தியவற்றின் அருமை இங்கே தெரிகிறது.

சபையின் இன்றைய வேலை பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே. திமோர்-லெஸ்தேயில் தாய்மொழி வழிக் கல்விக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் அவர்கள் நீண்ட காலமாக உதவுகிறார்கள். விக்டோரியாவில் வேறு சபைகளோடு சேர்ந்து 1997ல் குடும்ப நலச் சேவை அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். 1980களின் முடிவில் பெருவுக்குப் போன சகோதரிகளில் ஒருவர் ஐரீன் மக்கார்மக். ஹுவாசஹுவாசி என்ற மலை ஊரில், புத்தகமே இல்லாத பிள்ளைகளுக்கு நூலகம் நடத்தி, வீட்டுப்பாடத்துக்கு உதவிக்கொண்டிருந்தார். 1991 மே 21 அன்று ‘ஒளிரும் பாதை’ கிளர்ச்சியாளர்கள் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். பெனோலாவின் லாயத்துக்கும் அந்த நூலகத்துக்கும் இடையில் 125 ஆண்டுகள். செய்த வேலை ஒன்றேதான்.

புனிதர் பட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1995 ஜனவரி 19 அன்று சிட்னியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் அளித்தார்; 2010 அக்டோபர் 17 அன்று ரோமில் பதினாறாம் பெனடிக்ட் புனிதராக அறிவித்தார். மருத்துவத்தால் விளக்க முடியாத இரண்டு குணமடைதல்கள், ஒன்று இரத்தப் புற்றுநோய், மற்றொன்று நுரையீரலில் தொடங்கிப் பரவிய புற்றுநோய், அதற்காக ஏற்கப்பட்டன. திருநாள் ஆகஸ்ட் 8.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பெனோலா, அடிலெய்டிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர், அங்கே 1867ன் கல் பள்ளிக்கூடமும் பக்கத்தில் விளக்க மையமும் இருக்கின்றன. அடிலெய்டின் கென்சிங்டனில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. கல்லறை இருப்பது வட சிட்னி மவுண்ட் தெரு சிற்றாலயத்தில். முதலில் கோர் ஹில் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தார்கள். மக்கள் வந்து குழிமண்ணைக் கை கையாக அள்ளிக்கொண்டு போனதால் 1914ல் உடலை இங்கே கொண்டுவந்தார்கள். படிக்க நேரம் இருப்பவர்கள் வாழ்க்கை வரலாறுகளுக்கு முன் அவருடைய கடிதங்களை எடுங்கள். அவற்றில் பெரும்பகுதி வாடகை, பயணச் செலவு, யாரை எந்த ஊருக்கு அனுப்புவது, எந்தச் சகோதரிக்கு இருமல் குறையவில்லை என்பதைப் பற்றியது. அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள்; 1871க்குப் பின்னும் பள்ளிகள் எப்படித் திறந்திருந்தன என்பதற்கான விவரமெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது.